நிழலில் எடுத்த அளவு

'கோடை' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று, எல்லாரும் அறிந்த வெயிற்காலம். மற்றொன்று, நாம் மறந்துபோன பொருள்: மேற்குத் திசையிலிருந்து வீசும் காற்று. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று நான்கு காற்றுகளுக்கும் பெயர் சூட்டினர் நம் முன்னோர். பருவத்திற்கும் காற்றுக்கும் ஒரே பெயர் அமைந்தது ஏன் என்று எண்ணிப் பார்க்க விரும்புவோர், மே மாதத்தின் பிற்பகுதியில் ஒரு நாள் சென்னை மாநகரில் நின்று பார்த்தால் போதும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் பிறந்துவிட்டால், நாளேடுகளில் ஓர் எண் தவறாமல் இடம்பெறுகிறது. நேற்று நுங்கம்பாக்கத்தில் இத்தனை பாகை, மீனம்பாக்கத்தில் இத்தனை பாகை, இத்தனை ஊர்களில் வெயில் சதமடித்தது, அடுத்த ஐந்து நாட்களுக்கு நிலைமை இவ்வாறு இருக்கும் என்று படிக்கிறோம். படித்துவிட்டுப் பெருமூச்சுடன் பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்தச் சிறிய எண்ணுக்குப் பின்னால் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றில் அறிவும் உண்டு, அலட்சியமும் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் நினைவுகூர வேண்டும். ஏனெனில், வெயிலை அளப்பது எதற்காக என்னும் வினாவிற்கு அவ்வரலாறுதான் விடை தருகிறது.

கோடைக்கும் கொண்டலுக்கும் இடையே

சென்னை நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் அமைந்துள்ளது. எனவே கதிரவன் ஆண்டுக்கு இருமுறை நகரின் உச்சிக்கு நேர் மேலே வருகிறான். ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி மறுமுறை. அந்த நண்பகலில் நட்டு வைத்த கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். கதிரவன் உச்சிக்கு வரும் நாளே வெப்பமும் உச்சத்தை அடையும் நாளாக இருக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் நகரின் கடும் வெப்பம் அதற்கு ஒரு மாதத்திற்குப் பின்னரே, மே மாதத்தின் இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் வருகிறது.

காரணம் காற்றில் இருக்கிறது. காலை முதல் நிலம் சூடேறுகிறது. கடல் அத்துணை விரைவில் சூடேறுவதில்லை. நிலத்தின் மேலுள்ள காற்று வெம்மையுற்று மேலெழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இதுவே கடற்காற்று, முன்னோர் மொழியில் கொண்டல். நண்பகலுக்கு முன்னரே அது கரையேறிவிட்டால் நகரம் தப்பித்தது. வெப்பமானியின் பாதரசம் அத்துடன் ஏற்றத்தை நிறுத்திக்கொள்ளும். ஆனால் மே மாத இறுதியில், தென்மேற்குப் பருவக்காற்று உருவாகும் வேளையில், மேலைக்காற்று வலுக்கிறது. தீபகற்பத்தின் காய்ந்த உள்நிலங்களைக் கடந்து, ஈரமின்றி, அனலாக அது நகரை வந்தடைகிறது. அது வலுத்திருக்கும் நாளில் கடற்காற்று கரைக்கு வெளியிலேயே காத்து நிற்கும். பிற்பகல் இரண்டு மணி, மூன்று மணி வரை அது உள்ளே வர இயலாது. அந்த இரண்டு மூன்று மணி நேரத் தாமதமே 37 பாகைக்கும் 42 பாகைக்கும் இடையேயுள்ள வேறுபாடு. ஆகவே சென்னையின் கோடை என்பது மெய்யாகவே கோடைக்காற்றுதான். பெயரிட்டவர்கள் சரியாகவே பெயரிட்டார்கள். கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கம், நுங்கம்பாக்கத்தைவிடப் பெரும்பாலும் ஓரிரு பாகை கூடுதலாகக் காய்வதும் இதனாலேயே.

நம் மக்கள் நம்பி வாழும் கணக்கு வேறொன்று உண்டு. அதுவே கத்திரி வெயில் எனப்படும் அக்கினி நட்சத்திரம். கதிரவன் பரணி மூன்றாம் பாதத்திலிருந்து ரோகிணி முதற்பாதம் வரை செல்லும் காலம் என்று பஞ்சாங்கம் அதனை வரையறுக்கிறது. ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை. இக்கணக்கைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆண்டின் கொடிய நாட்கள் எவை என்பதைப் பல தலைமுறையினர் கண்டறிந்து சுருக்கிவைத்த அனுபவம் அது. எனினும் பஞ்சாங்கம் கதிரவனின் இருப்பிடத்தைச் சொல்லுமேயன்றி, காற்றின் போக்கைச் சொல்லாது. 2003-ஆம் ஆண்டில் கத்திரி விடைபெற்ற இரண்டொரு நாளில், மே 31 அன்று, நுங்கம்பாக்கத்தில் 45 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. அதே மாதத்தின் நடுவில் வங்கக் கடலில் ஒரு புயல் எழுந்து, இலங்கையின் தென்பகுதியில் பெருவெள்ளத்தை விளைவித்தது. அப்புயல் காற்றின் ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டு அகன்றதன் பின், தென்னிந்தியாவின் கிழக்குப் பகுதி காய்ந்தது. அண்டையிலுள்ள ஆந்திராவில் அவ்வாண்டு வெப்பத்தால் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். கத்திரி முடிந்துவிட்டது என்று நம்பி வெளியே சென்றோரைக் கோடைக்காற்று எதிர்கொண்டது.

நுங்கம்பாக்கத்துத் தூண்

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தில், பதினைந்து அடி உயரமுள்ள ஒரு கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. 1786-ஆம் ஆண்டில் வில்லியம் பெட்ரி என்னும் கம்பெனி அதிகாரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக் கூடத்தை அமைத்தார். பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனி அதனைத் தன் பொறுப்பில் ஏற்று, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுப்பியது. அக்கூடத்தின் கருவியைத் தாங்கி நின்றதே அந்தத் தூண். அதில் ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் மட்டுமன்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்நாட்டில் கணித அறிவியல் எப்போது ஊன்றப்பட்டது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறிய வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. ஆரியபட்டரும் பாஸ்கரரும் பிறந்த நாட்டில் கணிதத்தை இவர்கள்தாம் ஊன்றினார்களாம்! அந்தப் பெருமிதத்தைப் புன்னகையுடன் கடந்து செல்லலாம். ஆனால் அவர்கள் தொடங்கிய வேலையின் மதிப்பை மறுக்க இயலாது.

அக்கூடத்தின் முதல் அரசு வானியலாளர் ஜான் கோல்டிங்காம். விண்மீன்களைப் பார்ப்பதே அவருடைய பணி. எனினும் 1796-ஆம் ஆண்டு முதல் வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் நாள்தோறும் குறித்து வைக்கும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். அன்று தொடங்கிய பதிவேடு, உலகில் இத்துணை நீண்ட காலத்திற்குக் கிடைக்கும் மிகச்சில வானிலைப் பதிவேடுகளுள் ஒன்று.

நம் இறைமக்கள் நன்கறிந்த ஓரிடமும் இவ்வரலாற்றில் வருகிறது. புனித தோமையார் மலையில் அந்நாளில் பீரங்கிப் படை முகாமிட்டிருந்தது. அங்கும் புனித ஜார்ஜ் கோட்டையிலும் நாள்தோறும் காலையும் மாலையும் பீரங்கி முழங்கும். கோட்டை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவிலும் மலை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவிலும் இருக்க, கோல்டிங்காம் தம் கூடத்திலிருந்து அப்பீரங்கிகளின் ஒளிக்கீற்றைக் கண்ட நொடியையும் ஓசை வந்து சேர்ந்த நொடியையும் குறித்தார். 1820, 1821 ஆண்டுகளில் மாதக்கணக்கில் இவ்வாறு குறித்து, ஒவ்வொரு முறையும் வெப்பமும் ஈரமும் காற்றும் எவ்வாறிருந்தன என்பதையும் உடன் எழுதினார். குளிர்ந்த மாதங்களைவிட வெப்பம் மிகுந்த மாதங்களில் ஒலி விரைந்து வந்தது புலனாயிற்று. இலண்டன் ராயல் சங்கம் இவ்வாய்வினை வெளியிட்டது. நம் திருத்தலத்தின் அடிவாரத்து வெடியோசை, சென்னையின் கோடைக் காற்றை ஆராயும் கருவியாகவும் இருந்திருக்கிறது.

இக்கூடத்தில் பணியாற்றிய நம்மவருள் நினைக்கத் தக்கவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ஆம் ஆண்டில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். பழைய வாய்ப்பாடுகளை அப்படியே நம்பாமல், கண்ணால் கண்டு சரிபார்த்த கணக்கைக்கொண்டு பஞ்சாங்கம் அமைய வேண்டும் என்று உழைத்தவர். மரபை மதித்துக்கொண்டே அதனைச் சோதிக்கவும் செய்யலாம் என்பதற்கு அவர் சான்று.

குளிர்ச்சி யாருக்கு?

வெயிலை அளந்த அதே நூற்றாண்டில், ஆளவந்தவர்கள் வெயிலிலிருந்து தப்பும் வழிகளையும் தேடிக்கொண்டனர். வாயில்களில் வெட்டிவேர்த் தட்டிகளைக் கட்டி நீர் தெளித்தனர். கூரையில் பங்காவைத் தொங்கவிட்டனர். அதன் கயிற்றை இழுப்பவர் வெளித்திண்ணையில் வியர்வையில் நனைந்தபடி அமர்ந்திருப்பார். அமெரிக்காவின் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டியெடுத்த பனிப்பாளங்களைக் கப்பலில் ஏற்றிப் பாதி உலகைச் சுற்றிக் கொண்டுவந்து விற்றார் பிரடெரிக் டியூடர் என்னும் வணிகர். அவற்றைச் சேமித்து வைக்கச் சென்னைக் கடற்கரையில் 1842-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. அதன் பழைய பெயர் மட்டும் அப்பகுதி மக்களின் நாவில் இன்றும் உருகாமல் இருக்கிறது. நூற்றாண்டின் பிற்பகுதியில் மாகாண அரசே கோடை மாதங்களில் உதகமண்டலத்திற்கு இடம்பெயர்ந்தது. ஆளுநரும் அதிகாரிகளும் கோப்புகளும் மலையேறின. கீழே தங்கியவர்கள் வெயிலோடு தங்கினர்.

இதைக் குற்றச்சாட்டாக மட்டும் எழுதவில்லை. வெப்பத்திலிருந்து விலக விரும்புவது மனித இயல்பு. ஆனால் முடிவெடுப்பவர்கள் ஓர் தட்பவெப்பத்திலும், முடிவுகளை அனுபவிப்பவர்கள் வேறொரு தட்பவெப்பத்திலும் வாழத் தொடங்கிவிட்டால் என்ன நேரும் என்பதைத் தாது வருடம் காட்டியது.

ஏட்டில் மழை இல்லை

1876-ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டிலும் துயரம் தொடர்ந்தது. தமிழ் மக்கள் அதனைத் தாது வருடப் பஞ்சம் என்று இன்றளவும் சொல்லி வருகின்றனர். சென்னை, பம்பாய் மாகாணங்களையும் அவற்றை அடுத்த பகுதிகளையும் வாட்டிய அப்பஞ்சத்தில், 1878 வரை மாண்டவர்கள் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டவர்கள் என்று மதிப்பிடப்படுகிறது. நாட்டின் ஒரு பகுதி பட்டினியில் கிடக்க, 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட விழா தில்லியில் பேராடம்பரத்துடன் நடந்தது.

நுங்கம்பாக்கத்தின் பதிவேட்டுக்கு அப்போது எண்பது வயது. எண்பது ஆண்டுகளின் வெயிலும் மழையும் அதில் நாள்வாரியாக இருந்தன. மழை பெய்யவில்லை என்பதையும் அது துல்லியமாகவே எழுதிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த அறிவு ஒரு வாய்க்கும் சோறாக மாறவில்லை. தானியம் வெளியிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோதும், அதனை வாங்க ஏழைகளிடம் காசு இல்லை. நிவாரணப் பணிக்கு வந்தோருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் அளவு குறைத்தார். கடும் உழைப்புச் செய்யும் மனிதனுக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்கள் கடந்த பின்னரே அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர்கள் திரும்பவில்லை.

சென்னை நகரில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாயின் பகுதி, அந்தப் பஞ்ச காலத்தில் பட்டினியால் வாடிய மக்களின் கைகளால் வெட்டப்பட்டது. ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளம். இன்று அதன் மேல் பறக்கும் ரயில் ஓடுகிறது. அதன் கரையில் மூக்கைப் பொத்தியபடி நாம் விரைகிறோம். அது அக்கோடையின் நினைவுச் சின்னம் என்று எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை.

முன்னறிவிப்பு பிறந்த விதம்

முன்கூட்டியே சொல்லும் முயற்சி, பேரழிவுகளின் பின்னரே பிறந்தது. 1864-ஆம் ஆண்டில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. மூன்றாண்டுகள் கழித்து, அந்நகரின் புனித சவேரியார் கல்லூரியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி அருட்தந்தை யூஜின் லாபோன், கல்லூரி மாடியில் கருவிகளை அமைத்து நாள்தோறும் வானிலையைக் கவனித்து வந்தார். 1867 நவம்பரில் புயல் ஒன்று நெருங்குவதை அக்கருவிகளின் வாயிலாக உணர்ந்து, அதிகாரிகளுக்கு அறிவித்தார். அறிந்தவர் அறிவிக்க வேண்டும் என்னும் எளிய கடமையை அவர் செய்தார்.

1875-ஆம் ஆண்டில் இந்திய வானிலை ஆய்வுத் துறை ஹென்றி பிளான்போர்டின் தலைமையில் தோன்றியது. அடுத்த ஆண்டே பஞ்சம் வந்தது. பஞ்ச ஆணையம் தன் அறிக்கையில் மழையை முன்னறியும் அறிவு வளர வேண்டும் என்பதை வலியுறுத்தியது. இமயத்தில் பனி மிகுந்தால் பருவமழை குறையும் என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டு பிளான்போர்டு 1882 முதல் சோதனை முறையில் கணித்தார். 1886 ஜூன் 4 அன்று பருவமழைக்கான முதல் முறையான முன்னறிவிப்பு வெளியாயிற்று. கதிரவனின் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அறிஞர் பலர் அந்நாளில் எண்ணினர். கதிரவனை ஆராயவே ஒரு கூடம் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்று, 1899-ஆம் ஆண்டில் சென்னையின் வானாய்வுப் பணி கொடைக்கானல் மலைக்கு மாறியது. கொடைக்கானலுக்குச் சுற்றுலாச் செல்வோர் அந்த வெண்ணிறக் குவிமாடங்களைக் காணும்போது, அவை எழுந்ததற்குப் பின்னால் தாது வருடத்துப் பட்டினியும் இருக்கிறது என்பதை நினைக்க வேண்டும். வானிலைக் கருவிகள் நுங்கம்பாக்கத்திலேயே தங்கின. 1945 முதல் அதுவே மண்டல வானிலை ஆய்வு மையம் அமைந்த இடம்.

1904-ஆம் ஆண்டில் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜில் பயின்ற கணித அறிஞர். உலகின் பல இடங்களிலிருந்து வானிலைக் கணக்குகளை வருவித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் தாழ்வதும், இங்கே உயரும்போது அங்கே தாழ்வதும் ஒரு துலாக்கோலின் இரு தட்டுகளைப் போல நிகழ்வதைக் கண்டு, அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். பின்வந்தோர் எல் நினோவுடன் அதனை இணைத்து விளக்கினர். தாது வருடப் பஞ்சத்தின்போதும் வலிமை மிக்க எல் நினோ ஒன்று நிகழ்ந்தது என்பதை இன்றைய ஆய்வாளர் அறிவர். பெருநாட்டுக் கரையோரக் கடல் சூடானதற்கும் நம் செங்கற்பட்டு உழவனின் ஏரி வற்றியதற்கும் தொடர்பு உண்டு. மனிதகுலம் ஒரே குடும்பம் என்று நாம் சொல்வதை, காற்று தன் வழியில் மெய்ப்பித்துக்கொண்டே இருக்கிறது.

பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி

இனி, அந்தச் சிறிய எண்ணுக்கு வருவோம். நாளேட்டில் 40 பாகை என்று படிக்கிறோமே, அந்த 40 எங்கே எடுக்கப்பட்டது?

வானிலை மையத்தில் புல்தரையின் மேல், ஏறத்தாழ நான்கு அடி உயரக் கால்களில், ஒரு வெண்ணிற மரப்பெட்டி நிற்கும். காற்று புகுந்து வரச் சாய்ந்த பலகைகளால் ஆன சுவர்கள் அதற்கு உண்டு. வெயில் புக வழியில்லை. தாமஸ் ஸ்டீவன்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பொறியாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடிவமைத்த பெட்டி அது. கதிரவனின் நேரடிக் கதிர் பட்டால் வெப்பமானி தன் உடலின் சூட்டைச் சொல்லுமேயன்றிக் காற்றின் சூட்டைச் சொல்லாது. எனவே உலகெங்கும் இவ்வாறு நிழலில்தான் அளக்க வேண்டும் என்பது விதி. அறிவியல் முறையில் இது முற்றிலும் சரியே.

ஆனால் அதன் பொருளை நாம் சிந்திக்க வேண்டும். நாம் படிக்கும் எண் நிழலின் எண், புல்தரையின் எண், காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டியின் எண். தார்ச்சாலையின் மேற்பரப்பு அதே நண்பகலில் அறுபது பாகையையும் தாண்டக்கூடும். அச்சாலையில் ஜல்லி கொட்டும் பெண், சாரத்தின் மேல் நின்று சிமெண்டு பூசும் கொத்தனார், மூன்று சக்கர வண்டியில் தண்ணீர்க் குடங்களை ஏற்றிச் செல்பவர், மீன்கூடையுடன் தெருத்தெருவாகச் செல்லும் தாய், வெயிலில் பொட்டலத்துடன் வாயிற்படியில் வந்து நிற்கும் இளைஞர் ஆகியோருக்கு அந்த மரப்பெட்டி இல்லை. இரவிலும் அவர்களுக்கு விடுதலை இல்லை. தகரக் கூரையும் கல்நார்க் கூரையும் வேய்ந்த ஓர் அறை வீட்டில், பகலில் குடித்த சூட்டைச் சுவர்கள் இரவு முழுவதும் உமிழ்கின்றன.

இன்னொன்றும் உண்டு. காற்றின் வெப்பம் உடலின் வெப்பத்தை நெருங்கும்போது, வியர்வை ஆவியாவது ஒன்றே உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, வழிந்தோடும், அவ்வளவே. கடற்கரை நகரமாகிய சென்னையில், கடற்காற்று வந்தபின் வெப்பமானி இறங்குகிறது, புழுக்கம் ஏறுகிறது. 36 பாகை என்று ஏடு சொல்லும் நாளிலும் உழைப்பாளியின் உடல் தோற்றுப்போகலாம். உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் அது வெப்பவாதம், உயிருக்கே ஆபத்து. இதனால் இறப்போருக்கு மாரடைப்பு என்றோ, மயங்கி விழுந்தார் என்றோ எழுதப்படுவதுண்டு. வெயில் தன் கைரேகையை விட்டுச் செல்வதில்லை.

அறிவிப்பு வந்தபின்

இன்று முன்னறிவிப்பு வெகுவாக வளர்ந்திருக்கிறது. ரேடாரும் செயற்கைக்கோளும் கணிப்பொறியும் துணைநிற்கின்றன. கோடை தொடங்கும்போதே மூன்று மாதப் போக்கை வானிலைத் துறை அறிவிக்கிறது. அடுத்துவரும் நாட்களுக்குப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறங்களால் எச்சரிக்கிறது. சமவெளியில் 40 பாகையும், கடற்கரையில் 37 பாகையும் எட்டி, வழக்கத்தைவிட நாலரைப் பாகை கூடினால் வெப்ப அலை என்கிறது.

எச்சரிக்கை செயலாக மாறினால் உயிர்கள் காக்கப்படும் என்பதை அகமதாபாத் நகரம் காட்டியது. 2010 மே மாதத்தில் அங்கு வீசிய வெப்ப அலையில் வழக்கத்தைவிட ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் கூடுதலாக மாண்டனர். அதன் பின்னர் 2013-ஆம் ஆண்டில் அந்நகரம் ஒரு செயல்திட்டம் வகுத்தது. எச்சரிக்கை வந்தவுடன் மருத்துவமனைகள் ஆயத்தமாக வேண்டும். தண்ணீர்ப் பந்தல்கள் திறக்கப்பட வேண்டும். பூங்காக்கள் பகலிலும் திறந்திருக்க வேண்டும். ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூச வேண்டும். பெருஞ்செலவுள்ள வித்தை எதுவும் அதில் இல்லை. தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் மாண்டவரின் குடும்பத்திற்கு நிவாரணம் கிடைக்க அது வழி திறந்தது. வெயிலால் இறப்பது தலைவிதி என்றிருந்த நிலையிலிருந்து, அது தவிர்க்கக்கூடிய பேரிடர் என்னும் நிலைக்கு வர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

2019-ஆம் ஆண்டின் கோடையை நகரவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு வெடித்தன. ஜூலை 12 அன்று ஜோலார்ப்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்களில் 25 இலட்சம் லிட்டர் நீர் ரயிலேறி வந்தது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னர் அதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. பெய்த நீரைத் தேக்க இடமில்லாமல் ஏரிகளின் மேல் வீடுகளைக் கட்டிக்கொண்டோம். அத்தகைய நகருக்கு எந்த முன்னறிவிப்பாலும் நீர் ஊற்றித்தர இயலாது.

ஆகவே வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் தெளிவானது. அளப்பது ஒரு பணி. அறிவிப்பது இரண்டாம் பணி. இவ்விரண்டையும் அரசும் அறிஞரும் செய்கின்றனர். நிழல் தருவது மூன்றாம் பணி. அதற்கு ஊழியர் போதவில்லை. அது நம் தெருவிலிருந்தும் நம் இல்லத்திலிருந்தும் தொடங்க வேண்டும். கோடையில் ஆலயங்களின் கதவுகள் நண்பகலில் பூட்டிக்கிடக்க வேண்டுமா? உயரமான கூரையும் கனத்த சுவர்களும் உடைய அக்கட்டடங்களைவிடக் குளிர்ந்த இடம் ஏழைக்கு ஊரில் எது? கட்டட வேலை நடக்கும் வீட்டுக்காரர், பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை வேலையை நிறுத்திக் கூலியை நிறுத்தாதிருக்கலாம். தனியே வாழும் முதியோரின் கதவை எச்சரிக்கை நாளில் ஒருவர் தட்டிப் பார்க்கலாம். கோடைத் திருவிழாவின் தேர்ப்பவனியை மாலைக்கும், அடக்கத்தை வெயில் தாழ்ந்த பொழுதிற்கும் மாற்றுவதில் எந்த மரபும் முறிந்துவிடாது. மோர்ப் பந்தலை ஒருநாள் புகைப்படத்தோடு முடிக்காமல், கத்திரி முடிந்த பின்னும், மேலைக்காற்று ஓயும் வரை நடத்தலாம்.

நாளை காலையும் அந்த எண் ஏட்டில் வரும். அது நிழலில் எடுத்த அளவு என்பதை நினைவில் கொள்வோம். அதைவிடக் கூடுதலான வெயிலில் நிற்பவர் யார் என்று ஒருமுறை வாயிலுக்கு வெளியே எட்டிப் பார்ப்போம்.